எண்பத்தொன்பதாவது ஓட்டு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடையில் கொடுக்கிற பில் அளவுதான் இருக்கும். அதில் இரண்டே பெயர். ஷாதிபேக், 88. புருல், 1. புருல் நான்தான். அந்த ஒரு ஓட்டை நானே எனக்குப் போட்டுக்கொண்டேன் என்று ஊரே நம்புகிறது. நான் போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவே மாட்டேன்.

நான் ரொட்டி சுடுகிறவள். என் கணவர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. பணம் அனுப்புகிற மாதமும் உண்டு, சாக்கு அனுப்புகிற மாதமும் உண்டு. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு நான் நம்பியிருப்பது வீட்டு முற்றத்துத் தந்தூர் அடுப்பை. காலையில் முப்பது ரொட்டி, மாலையில் இருபது. நடுவில் பூ அச்சு குத்தி, ஓரம் உப்பி வரும். எங்கள் மலையில் என் ரொட்டி தின்னாத வாய் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்த ஆண்டு தேர்தல் முறையைத் திருத்திவிட்டதாக வானொலியில் ஓயாமல் சொன்னார்கள். விரல் ரேகை வைத்தால்தான் ஓட்டுச் சீட்டு. ஓட்டை எண்ணுவது இயந்திரம். பணம் கொடுத்தால் சிறை, வாங்கினாலும் சிறை. நல்ல சட்டம்தான். ஷாதிபேக் சட்டத்தை மதிக்கிறவர், அதனால் பணம் கொடுக்கவில்லை. கரி கொடுத்தார். அவர் கீழ் ஊர்க்காரர், அவருக்குச் சொந்தமாகக் கரிச்சுரங்கம் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தின்மேல் கண்ணும் இருக்கிறது. நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று முடிவு செய்வது ஊராட்சி மன்றம். அதில் எங்கள் ஊருக்கும் கீழே இருக்கும் இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து ஓர் இடம்.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, இலையுதிர் காலத்தில், எசென் வாசலில் வந்து நின்றான். என் கணவரின் சித்தப்பா மகன் அவன், எனக்குக் கொழுந்தன் முறை. பின்னால் அவன் மனைவி அசில்கான், வெள்ளைத் துணி விரித்த உள்ளங்கைகளில் ஒரு ரொட்டியை ஏந்திக்கொண்டு. அதற்கும் பின்னால் கரி லாரி.

"அண்ணி, கரி வந்துருக்கு. முழுசா ஒரு டன். ஷாதிபேக் அண்ணன் அனுப்பினாரு."

"சும்மாவா?"

"சும்மாதான். ரொட்டி மேல கைய வச்சு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

எட்டிப் பார்த்தேன். அன்று காலையில் நான் சுட்டது. "என் ரொட்டியவே என்கிட்ட தூக்கிட்டு வந்துருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"உங்க ரொட்டின்னாதான் ஊருக்கு ஒரு பயம் இருக்கு அண்ணி. கடை ரொட்டியில சத்தியம் பண்ணா எவன் மதிப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த முதல் தப்பு. போன குளிர்காலத்தில் எரிக்கிற சாண வறட்டி தீர்ந்துபோய் என் சின்னவளின் இருமல் மார்ச் வரைக்கும் விடவில்லை. ஒரு டன் கரி என்றால் அந்தக் குளிர்காலம் இல்லை என்று அர்த்தம். கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டியின்மேல் வைத்தேன். "என் ஓட்டு ஷாதிபேக்குக்குத்தான். சொல் மாறினால் இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்றேன். எசென் நோட்டில் என் பெயரை எழுதினான். அசில்கான் தலையைக் குனிந்தபடியே நின்றாள். அவள் அப்படித்தான், புருஷன் பக்கத்தில் இருந்தால் வாய் திறக்க மாட்டாள். இப்படியே வீடு வீடாகப் போனார்கள். அவன் பேசுவான், அவள் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வாரத்தில் ஊரே கையை வைத்து முடித்துவிட்டது.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் குழாய் கிடையாது. கழுதையில் கேன் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். தண்ணீருக்கு வரும் பெண்கள் ஆறு பேரும் நானும் கூடும் இடமும் அதுதான். ஆண்கள் அங்கே வர மாட்டார்கள், தண்ணீர் என்ன ஆண்கள் வேலையா? ஒரு காலை கெஞ்ஜே ஆரம்பித்தாள். ஊரிலேயே நாக்கு நீளமானவள் அவள்.

"மூணு தேர்தலா குழாய் வருது வருதுங்கறானுங்க. என் கழுதைக்கே முதுகு வளைஞ்சு போச்சு. இந்தத் தடவ பொம்பளைங்களும் நிக்கணும்னு சட்டமே சொல்லுது. புருல் அக்கா, நீங்க நில்லுங்க."

"என்னடி ஒளர்ற? நம்ம எல்லாருமே ரொட்டி மேல கை வச்சிருக்கோம்."

"கைதானே வச்சோம், கழுத்தையா வச்சோம்? திரைக்குப் பின்னாடி யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"கடவுள் பாக்க மாட்டாரா?"

"அவரும் மூணு தேர்தலா நம்ம தண்ணி சொமக்கறதப் பாத்துக்கிட்டுதான இருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினபோது, கடைசியில் கேன் நிரப்பிக்கொண்டிருந்த அசில்கான், நிமிராமலே, "தண்ணி எங்க வீட்டுக்கும்தான் வேணும்" என்றாள். உன் புருஷன் காதில் விழப்போகிறது என்று கெஞ்ஜே அவள் விலாவில் இடித்தாள். அவ்வளவுதான்.

ஆறு பேர் சேர்ந்து "நில்லுங்க, நில்லுங்க" என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடாதா? மனு கொடுத்தேன். குழாய்த் திட்டப் பட்டியலில் எங்கள் மூன்று ஊரையும் சேர்க்க வைப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கீழ் ஊர்களுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். அங்கே முன்பின் தெரியாத பெண்கள் தேநீர் ஊற்றிக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார்கள். அவர்களும் தண்ணீர் சுமக்கிறவர்கள்தானே.

எசெனுக்கு இது பெரிய வேடிக்கை. வழியில் பார்க்கும்போதெல்லாம் கல்பாக் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுவான். "வேட்பாளர் அம்மா, உங்க ஓட்டு யாருக்கு?" என்பான். "மறந்துடாதீங்க அண்ணி, எதிர்க்கட்சியோட ஓட்டயே வாங்கி வச்சிருக்கற ஏஜென்ட் இந்த நாட்டுலயே நான் ஒருத்தன்தான்!" சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது? உள்ளே மட்டும் குத்திக்கொண்டே இருக்கும். எனக்கே எதிராகச் சத்தியம் செய்துவிட்டு நிற்கும் பைத்தியக்காரி நான்.

தேர்தலுக்கு முந்தின வாரம் தலைநகர் பிஷ்கெக்கின் தேர்தல் அலுவலகத்திலிருந்து அய்பெரி என்று ஒரு பெண் வந்து பள்ளிக்கூடத்தில் இயந்திரத்தைக் காட்டினாள். "உங்க ஓட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பெத்த தாய்க்குக்கூடத் தெரியாது" என்றாள். கெஞ்ஜே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். முடிந்ததும் இயந்திரமே ஒரு சீட்டு அச்சடிக்கும், அதை அந்தந்தச் சாவடிச் சுவரிலேயே ஒட்டிவிடுவோம், யாரும் மாற்ற முடியாது என்றும் சொன்னாள். கைதட்டினோம். எங்கள் சாவடியில் ரஷ்யா போனவர்கள் போக எண்பத்தொன்பது ஓட்டுதான் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஓட்டுப் போடும் நாள் காலையில் நான் ரொட்டி சுட்டுவிட்டுத்தான் போனேன். விரலை வைத்ததும் திரையில் என் முகம் வந்தது, மாவு ஒட்டின கன்னத்தோடு. சீட்டை வாங்கிக்கொண்டு துணி மறைப்புக்குள் போனேன். என் பெயர் அச்சில் இருந்தது. என் கல்யாணச் சான்றிதழுக்குப் பிறகு என் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பேனாவை எடுத்தேன். கை நகரவில்லை. இருபது வருடமாக மாவு பிசைகிற கை. ஒரு துணுக்கு ரொட்டி கீழே விழுந்தாலும் எடுத்து நெற்றியில் ஒற்றி உயரத்தில் வைக்கிறவள் நான். இன்று இந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு நாளைக் காலையில் எந்த முகத்தோடு அடுப்பில் ரொட்டி ஒட்டுவேன்? அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. நான் ஒருத்தி சத்தியத்தைக் காப்பாற்றினால் என்ன குறைந்துவிடும்? அந்த ஆறு பேர் இருக்கிறார்களே. அவர்கள் மீறட்டும். அவர்கள் வீட்டு ஆட்களையும் மீற வைக்கட்டும். பாவம் அவர்களுக்கு, பதவி எனக்கு, என் ரொட்டிக்குக் களங்கமில்லை.

ஷாதிபேக் பெயருக்கு நேரே கோடு போட்டேன். இயந்திரம் சீட்டை இழுத்துக்கொண்டது. வெளியே வந்தபோது எசென் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான்.

சாயங்காலம் சீட்டு ஒட்டினார்கள். முதலில் படித்தது கெஞ்ஜே. படித்துவிட்டு என்னைப் பார்க்காமலே நகர்ந்துவிட்டாள். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பார்த்தார்கள், எண்பத்தெட்டு, ஒன்று. நான் யோசித்ததையே அந்த ஆறு பேரில் ஒவ்வொருத்தியும் யோசித்திருக்கிறாள் என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. மற்றவர்கள் மீறட்டும், நான் ஒருத்தி காப்பாற்றிக்கொள்கிறேன். யாரைக் கோபித்துக்கொள்வது? கீழ் ஊர்கள் இரண்டிலும் சேர்த்து நான் முப்பத்தைந்து ஓட்டுதான் பின்தங்கியிருந்தேன் என்று பிறகு தெரிந்தது. முகம் தெரியாத பெண்கள் இருநூறு பேர் எனக்குப் போட்டிருக்கிறார்கள். என் ஊர் வந்திருந்தால் குழாய் வந்திருக்கும்.

ஆனால் ஊர் பேசியது குழாயைப் பற்றி இல்லை. அந்த ஒன்றைப் பற்றி.

"ஆசை யாரை விட்டுது? தனக்குத் தானே குத்திக்கிட்டா."

"அதுவும் யாரு? ரொட்டி சுடறவ!"

மறுநாள் காலை முப்பது ரொட்டி சுட்டேன். மூன்று விற்றது, வழிப்போக்கர்களுக்கு. மாலையில் சுடவேயில்லை. ரொட்டிமேல் வைத்த சத்தியத்தை மீறினவள் கையால் பிசைந்ததை யார் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்? நானாக இருந்தாலும் வாங்க மாட்டேன். கீழ் ஊர்க் கடைக்கு ஆள் விட்டு, ஐந்து சோம் காசு கூடக் கொடுத்து, பஞ்சு மாதிரி இருக்கும் கடை ரொட்டியை வாங்கித் தின்றார்கள். நான் மீறவில்லை என்று வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் போய்க் கத்துவது? அப்படியானால் அந்த ஒன்று யாருடையது என்று எனக்கே தெரியாதே.

நான்காம் நாள் காலை எசென் வந்தான். கூடவே ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர். பின்னால் அசில்கான், அதே வெள்ளைத் துணி, அதே மாதிரி ஏந்திய கைகள். ரொட்டி என்னுடையதுதான். சற்று முன்புதான் அவள் வாங்கிப்போனது. தேர்தலுக்குப் பிறகு என்னிடம் ரொட்டி வாங்கிய ஒரே ஊர்க்காரி அவள்தான். நான் அதைக் கொழுந்தன் வீட்டு இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

எசென் முகத்தில் பழைய கேலி இல்லை. ஷாதிபேக் அவனுக்கு ஒரு லாரி தருவதாகச் சொல்லியிருந்தார். இப்போது, "எண்பத்தொன்பது பேரை உன்னால மேய்க்க முடியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். லாரி தருகிற பேச்சு நின்றுபோய்விட்டது.

"அண்ணி, நேரா கேக்கறேன். அந்த ஓட்டு உங்களோடதா?"

நான் கையில் ஒட்டின மாவைத் துணியில் துடைத்தேன்.

"உங்களோடது இல்லன்னா ரொட்டி மேல கைய வச்சுச் சொல்லிடுங்க. இந்தப் பெரியவங்க சாட்சி. நாளைக்கே ஊரு உங்ககிட்ட ரொட்டி வாங்கும், நானே முன்ன நின்னு வாங்கறேன். அப்புறம் வீடு வீடாப் போயி, ஒவ்வொருத்தரையா மறுபடி கை வைக்கச் சொல்லி, எந்த நாயின்னு கண்டுபிடிச்சுக்கறேன். கண்டுபிடிச்சேன்னா..." அவன் முடிக்கவில்லை. அவன் கை எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அசில்கான் ஒரு மாதம் தலைத்துணியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்கு வந்தாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நாங்களும் கதவு என்றே வைத்துக்கொண்டோம்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. உண்மையைச் சொன்னால் போதும், விடுதலை. கையை நீட்டப் போனேன். எசென் நோட்டை விரித்து என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். "இதோ பாருங்க, ஒரு ஆள் விடல, முதல் கையே என் கைதான்" என்று பெரியவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினான். கடைசிப் பக்கத்தில் கடைசி வரிசை எண் என் கண்ணில் பட்டது.

88.

சுவரிலும் எண்பத்தெட்டு. நோட்டிலும் எண்பத்தெட்டு. கை வைத்தவர்கள் எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் மீறவில்லை. ஆனால் ஓட்டு எண்பத்தொன்பது.

கை வைக்காதவர் யார்?

நிமிர்ந்து பார்த்தேன். அசில்கானின் உள்ளங்கைகள் துணிக்கு அடியில் இருந்தன. எண்பத்தெட்டு பேருக்கும் அவள்தான் ரொட்டியைப் பிடித்தாள். அவளைக் கை வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மனைவிக்குத் தனியாக ஓர் ஓட்டு இருக்கிறது என்பதே எசெனுக்கு நினைவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தாள்.

பெரியவர்களில் ஒருத்தர் அலுத்துக்கொண்டார். "சீக்கிரம் முடிங்கப்பா. புருல் இல்லன்னா மொத்த ஊரும் மறுபடி கை வைக்கட்டும். ரொட்டி பிடிக்கறவளும்தான் வைக்கட்டுமே, யாரு கண்டா!" என்று சிரித்தார். எசெனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? நான் இல்லை என்று ஆனால், அவன் பெயர்களை எண்ணுவான். எண்ணினால் எண்பத்தெட்டில் நிற்பான்.

"என்னோடதுதான்" என்றேன்.

எசென் கண்ணைச் சுருக்கினான். "என்ன?"

"எனக்கு நானே போட்டுக்கிட்டேன். வேட்பாளர் தனக்குப் போடாம ஒங்க பாட்டனுக்கா போடுவா?"

"இவ்வளவு நேரம் ஏன் பேசாம நின்னீங்க? யாரையாச்சும் காப்பாத்தறீங்களா அண்ணி? அந்தக் கெஞ்ஜேயவா?" மனைவி ஏந்தியிருந்த ரொட்டியைக் காட்டினான். "கைய வச்சுச் சொல்லுங்க."

கையை வைத்தேன். ரொட்டியில் இன்னும் அடுப்புச் சூடு இருந்தது. துணிக்கு அடியில் அவள் விரல்கள் என் கையின் கனத்தைத் தாங்கிக்கொண்டன.

"அந்த ஒரு ஓட்டு என் ஓட்டு. பொய் சொன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

சாவடித் திரைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், மீறாமல் பத்திரமாகக் காப்பாற்றிய ரொட்டிச் சத்தியம் அது. நாலு பேர் முன்னால் மீறினேன்.

மீதி இருந்த கரியை அன்றே மண்வெட்டியால் அள்ளி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எசெனுக்கு அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேட்பாளரின் பைத்தியக்காரத்தனம் என்று ஷாதிபேக்கிடம் சொல்லிக்கொள்ளலாம். என் தந்தூர் மூடியது ஊருக்கு மட்டும்தான். இப்போது நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நின்று லாரி ஓட்டுநர்களுக்கு விற்கிறேன். ஒன்றரை மணி நேரம் நடை. அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது, ரொட்டி நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

வசந்தத்தில் அய்பெரி மறுபடி வந்தாள், புதுமுறையில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்க. நான் அவளைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன்: "எங்க மாதிரி சின்ன ஊரு ஓட்டையெல்லாம் கீழ் ஊர் ஓட்டோட கலந்து எண்ணுங்க. தனியாச் சீட்டு ஒட்டாதீங்க. உங்க மெஷின் பொய் சொல்லல. அதான் பிரச்சினையே." அவள் கண் விரிந்தது. ரொம்ப முக்கியமான யோசனை என்று வேகமாகக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். "இதுல என்ன நடந்துச்சுன்னு எழுதி, உங்க பேரு, கையெழுத்து போட்டுக் குடுங்க அக்கா. அப்பதான் எடுத்துப்பாங்க."

படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அடுப்புப் பற்றவைக்க உதவியது.

குழாய் இன்னும் வரவில்லை. ஆற்றுக்கு இறங்கி ஏறுகிறோம். ஒரு காலை மற்றவர்கள் கேன் நிரப்பிக்கொண்டு மேலே ஏறியபிறகு கெஞ்ஜே தன் கழுதையோடு ஆற்றோரம் என் பக்கத்தில் பின்தங்கினாள். அவள் என் ரொட்டியை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"மனசு கேக்கல அக்கா. நாங்கதான் உங்கள ஏத்திவிட்டோம், நாங்களே கைய விட்டுட்டோம். அந்தத் திரைக்குப் பின்னாடி எனக்குச் சத்தியந்தான் கண்ணுல நின்னுச்சு. நீங்க ஒருத்தராச்சும் துணிஞ்சு போட்டீங்களே. ஊருல ஒரு ஆளுக்காவது முதுகெலும்பு இருக்குன்னு நெனச்சுக்கறேன்."

அசில்கான் இரண்டடி தள்ளிக் குனிந்து கேன் நிரப்பிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருக்காது. தண்ணீர் கேனின் வாயைத் தாண்டி வழிந்துகொண்டே இருந்தது, அவள் அதை எடுக்கவில்லை.

"ஆமா" என்றேன் கெஞ்ஜேயிடம். "துணிஞ்சுதான் போட்டேன்."